காற்றில் இருந்து யூரியா, போர்க்களத்தில் விஷவாயு: யார் இந்த ஃபிரிட்ஸ் ஹேபர்? சிப்ஸ் உருளைக்கிழங்குக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் என்றதும் விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்கு அடுத்து பலருக்கும் நினைவுக்கு வருவது பீங்கான். பொம்மை, அகல் விளக்கு, வீட்டு மின்சாரப் பெட்டியில் இருக்கும் ஃபியூஸ் கட்டை எல்லாம் இந்த ஊர் சூளைகளில் வெந்து வெளியே வருகின்றன. இந்தத் தொழில் இங்கே வேர் பிடித்ததற்கு ஒரு முக்கியக் காரணம், பக்கத்தில் இருக்கும் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரி எடுக்க நிலத்தைத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது.

அதே சுரங்கத்தை நம்பி ஒரு காலத்தில் இன்னொரு பொருளும் வந்தது. யூரியா. என்.எல்.சி.யின் உரத் தொழிற்சாலை 1966ல் உற்பத்தியைத் தொடங்கியது. பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி, அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, காற்றில் உள்ள நைட்ரஜனோடு சேர்த்தால் அம்மோனியா. அம்மோனியாவில் இருந்து யூரியா. அந்த ஆலை பின்னாளில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அந்த வழிமுறை இன்றும் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. அதை முதலில் செய்துகாட்டியவர்தான் ஃபிரிட்ஸ் ஹேபர்.

இவருக்கும் உருளைக்கிழங்குக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். எல்லாம் வெளிர் மஞ்சளாக இருக்கும். நடுவே ஒன்றிரண்டு மட்டும் ஓரம் கருத்துப்போய், வாயில் வைத்தால் லேசாகக் கசக்கும். அந்தக் கருப்புக்கு எண்ணெய்ச் சட்டி மட்டும் காரணமில்லை. கிழங்கு மண்ணுக்குள் இருந்தபோது செடிக்கு எவ்வளவு தழைச்சத்து கிடைத்தது என்பதும் ஒரு காரணம். இந்தத் தழைச்சத்தை மூட்டை மூட்டையாகக் கிடைக்க வைத்தவர் ஹேபர். அவர் கதையிலேயே உருளைக்கிழங்கு ஒரு முக்கியமான இடத்தில் வருகிறது. வரிசையாகப் பார்ப்போம்.

சாய வியாபாரியின் மகன்

1868 டிசம்பர் 9ஆம் தேதி, அப்போது ஜெர்மனியின் பிரஷ்யா பகுதியில் இருந்த பிரெஸ்லாவ் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் ஹேபர். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது, பெயர் விராட்ஸ்வாஃப். பிறந்த சில வாரங்களிலேயே தாயை இழந்தார். தந்தை சீக்ஃபிரீட் சாயப் பொருட்கள் விற்கும் வியாபாரி.

இந்த இடத்தில் ஒரு சின்ன கிளைக்கதை. அந்தக் காலத்தில் உலகத்துக்கே நீலச் சாயம் கொடுத்த நாடுகளில் முக்கியமானது இந்தியா. நம்ம தென்னாற்காடு பகுதியிலும் அவுரி பெரிய அளவில் பயிரானது. 1897ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அதோடு அவுரி விவசாயம் படுத்துவிட்டது. வேதியியல் கூடத்தில் நடக்கும் ஒரு வேலை ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் வயலை மாற்றிவிடும் என்பதற்கு அது ஒரு முன்னோட்டம். சில ஆண்டுகளில் அதே பி.ஏ.எஸ்.எஃப்.தான் ஹேபரோடும் கைகோத்தது.

ஹேபர் பெர்லினிலும் ஹைடல்பெர்க்கிலும் படித்தார், 1891ல் முனைவர் பட்டம் பெற்றார். யூதர்களுக்குப் பல்கலைக்கழகப் பதவிகள் எளிதில் கிடைக்காத காலம் அது. அடுத்த ஆண்டே கிறிஸ்தவராக மாறினார். 1894ல் கார்ல்ஸ்ரூஹ தொழில்நுட்பக் கல்லூரியில் கீழ்மட்ட உதவியாளராகச் சேர்ந்தவர், சில ஆண்டுகளில் பேராசிரியராக உயர்ந்தார்.

1901ல் கிளாரா இம்மர்வாரைத் திருமணம் செய்தார். கிளாராவை வெறுமனே ஹேபரின் மனைவி என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர். ஆண்டு 1900. கல்யாணம், மறுவருடமே மகன் ஹெர்மன், கணவரின் ஓயாத விருந்தாளிகள் என்று ஆனபிறகு அவரது ஆராய்ச்சி நின்றுபோனது. கணவரின் புத்தக வேலைகளுக்கு உதவியதோடு சரி.

சுற்றிலும் நைட்ரஜன், ஆனால் செடிக்கு இல்லை

நாம் சுவாசிக்கும் காற்றில் சுமார் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. காரணம், காற்றில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைப் பிரிப்பது சாதாரண காரியமில்லை.

நிலக்கடலை, உளுந்து மாதிரிப் பயிர்களின் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா அதைச் சத்தமில்லாமல் செய்கிறது. விருத்தாசலத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. நிலக்கடலை ரகங்களை இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் மணி மணியாகத் தெரிவதுதான் அந்த முடிச்சு. நெல், கோதுமை, உருளைக்கிழங்கு போன்ற பயிர்களுக்கு அந்த வசதி கிடையாது. வெளியில் இருந்து எருவாகத்தான் கொடுத்தாக வேண்டும். உழுவதைவிட எரு இடுவது நல்லது என்று திருக்குறளே சொல்கிறது என்றால், இது எவ்வளவு பழைய கவலை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பா இந்தச் சத்துக்குத் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுப் பாலைவனத்தை நம்பியிருந்தது. அங்கே வெட்டி எடுத்த வெடியுப்பு கப்பல் கப்பலாக வந்தது. அதிகமாக வாங்கிய நாடு ஜெர்மனி. 1898ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் ஒரு எச்சரிக்கை விடுத்தார். சிலி உப்பு தீர்ந்துவிட்டால் கோதுமை சாப்பிடும் நாடுகள் பட்டினி கிடக்க நேரிடும், காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடிக்க வேதியியலாளர்கள் வழி கண்டுபிடித்தாக வேண்டும் என்பது அதன் சாரம்.

சொட்டுச் சொட்டாக விழுந்த அம்மோனியா

ஹேபர் 1904 வாக்கில் இந்த வேலையைத் தொட்டார். முதலில் கிடைத்தது ஏமாற்றம். வெப்பத்தை ஏற்றினால் வினை வேகமாக நடக்கிறது, ஆனால் உருவான அம்மோனியா மறுபடியும் உடைந்துவிடுகிறது. வெப்பத்தைக் குறைத்தால் வினையே நகரவில்லை. இது போதாதென்று 1907ல் புகழ்பெற்ற வேதியியலாளர் வால்ட்டர் நெர்ன்ஸ்ட் ஒரு மாநாட்டில், எல்லோர் முன்னிலையிலும், ஹேபரின் கணக்கு தப்பு என்று சொல்லிவிட்டார். ஹேபருக்கு இது பெரிய அவமானம். அந்த ரோஷம்தான் அவரை மறுபடியும் அதே பிரச்சினைக்குள் இழுத்துப்போட்டது.

அவருக்குத் துணையாக வந்தவர் ராபர்ட் லே ரொசிஞோல், ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் ஜெர்சி தீவுக்காரர். அழுத்தத்தைத் தாங்கும் வால்வுகளையும் பாத்திரத்தையும் உருவாக்கிய கைத்திறன் பெரும்பாலும் அவருடையதுதான். ஹேபர் பெயர் மட்டுமே நிலைத்தது, இவரை யாரும் நினைப்பதில்லை.

இவர்கள் கண்ட தீர்வு அழுத்தம். சுமார் 200 மடங்கு வளிமண்டல அழுத்தம், 500 முதல் 600 டிகிரி வெப்பம், வினையைத் தூண்ட ஆஸ்மியம் என்ற அரிய உலோகம். பீங்கான் சூளை 1,000 டிகிரியைத் தாண்டும், அதனால் விருத்தாசலத்துக்காரர்களுக்கு 500 டிகிரி பெரிதாகத் தெரியாது. ஆனால் அழுத்தத்தை யோசியுங்கள். கார் டயரில் நாம் ஏற்றும் காற்றைப் போல ஏறக்குறைய 90 மடங்கு. அதுவும் நெருப்பாகக் கொதிக்கும் இரும்புக் குழாய்க்குள்.

1909 ஜூலை 2ஆம் தேதி பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் இருந்து கார்ல் போஷ், ஆல்வின் மிட்டாஷ் ஆகியோர் பார்க்க வந்தார்கள். கருவி மக்கர் செய்தது. போஷ் கிளம்பிப் போய்விட்டார். மிட்டாஷ் மட்டும் காத்திருந்தார். பழுது பார்த்து ஓட்டியபோது திரவ அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. மணிக்கு சுமார் 125 மில்லி. ஒரு டீ கிளாஸ் அளவு, அவ்வளவுதான்.

அந்த டீ கிளாஸைத் தொழிற்சாலையாக மாற்றியது போஷ். விலை உயர்ந்த ஆஸ்மியத்துக்குப் பதிலாக மலிவான ஒன்றைத் தேடி மிட்டாஷ் குழு ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, கடைசியில் இரும்பை அடிப்படையாகக் கொண்ட கலவையைக் கண்டுபிடித்தது. 1913ல் ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் உலகின் முதல் ஆலை இயங்கியது. அதனால்தான் இது ஹேபர்-போஷ் முறை. சென்னை மணலியில் 1971ல் வந்த எம்.எஃப்.எல்., தூத்துக்குடியில் 1975ல் வந்த ஸ்பிக், அதற்கு முன் நெய்வேலி, எல்லாமே இந்த ஓப்பாவ் ஆலையின் வாரிசுகள்தான். இன்று உலக மக்கள் தொகையில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு இந்த முறையில் தயாராகும் உரத்தை நம்பியிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

போர் வந்தது, உரம் வெடிமருந்தானது

1914ல் முதல் உலகப்போர். அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னை மீது குண்டு போட்ட எம்டன் கப்பலை நமக்கெல்லாம் தெரியும். எம்டன் எந்தக் கடற்படைப் பிரிவில் இருந்து பிரிந்து வந்ததோ, அந்தப் பிரிவை டிசம்பரில் ஃபாக்லாந்து தீவுகள் அருகே பிரிட்டன் மூழ்கடித்தது. அதோடு ஜெர்மனிக்குச் சிலி வெடியுப்பு வரும் வழி அடைபட்டுப்போனது.

வெடியுப்பு இல்லாமல் வெடிமருந்து செய்ய முடியாது. ஹேபரின் அம்மோனியா அப்போது கைகொடுத்தது. அம்மோனியாவை நைட்ரிக் அமிலமாக்கி, அதிலிருந்து வெடிமருந்து தயாரித்தார்கள். இந்த வசதி இல்லாமல் போயிருந்தால் ஜெர்மனி அவ்வளவு நீண்ட காலம் போரில் தாக்குப்பிடித்திருக்காது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஹேபர் அதோடு நிற்கவில்லை. விஷவாயுவைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோகும் வேலையைத் தானே முன்நின்று நடத்தினார். 1915 ஏப்ரல் 22ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்பர் பகுதியில் ஆயிரக்கணக்கான உருளைகளில் இருந்து 150 டன்னுக்கு மேல் குளோரின் திறந்துவிடப்பட்டது. காற்று வீசும் திசை பார்த்து, நேரம் பார்த்து, ஹேபரே அங்கே இருந்தார். எதிர்ப்பக்கம் பிரெஞ்சுப் படையும் அல்ஜீரிய வீரர்களும். நான்கு நாள் கழித்து அதே களத்துக்கு அனுப்பப்பட்ட இந்திய ராணுவத்தின் லாகூர் டிவிஷனும் வாயுவில் மாட்டியது. அன்று வாயுவுக்கு நடுவே காயமடைந்தவர்களைத் தூக்கி வந்த ஜமேதார் மீர் தஸ்துக்கு விக்டோரியா கிராஸ் பதக்கம் கிடைத்தது.

ஈப்பர் தாக்குதலுக்குப் பிறகு ஹேபருக்கு ராணுவத்தில் கேப்டன் பதவி. மே 2ஆம் தேதி அதிகாலை, கிளாரா கணவரின் துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொண்டார். விஷவாயு வேலையை எதிர்த்துத்தான் செய்தாரா, மண வாழ்க்கையின் கசப்பா, இரண்டுமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஹேபர் உடனடியாகக் கிழக்குப் போர்முனைக்குக் கிளம்பிவிட்டார். 12 வயது ஹெர்மன் வீட்டில் இருந்தான். ஹேபரின் வாழ்க்கையில் எதை விட்டாலும் இந்த ஒன்றை மட்டும் நியாயப்படுத்த வழியே தெரியவில்லை.

உருளைக்கிழங்கு இல்லாத குளிர்காலம்

ஜெர்மானியர்களுக்கு உருளைக்கிழங்கு நமக்குச் சோறு மாதிரி. போர்க்காலத்தில் நைட்ரஜன் முதலில் வெடிமருந்துக்கு, மீதிதான் வயலுக்கு என்றானது. வயலில் வேலை செய்ய ஆளும் இல்லை, மாடும் இல்லை. 1916ல் விடாத மழையோடு இலைக்கருகல் நோய் வந்தது. அதற்கு அடிக்கும் மருந்துக்குத் தாமிரம் வேண்டும், தாமிரமும் போருக்குப் போய்விட்டது. விளைச்சல் முந்தைய ஆண்டில் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. மாட்டுக்குப் போடும் டர்னிப் கிழங்கைத் தின்று மக்கள் அந்தக் குளிர்காலத்தை ஓட்டினார்கள். ஜெர்மன் வரலாற்றில் அதற்குப் பெயரே டர்னிப் குளிர்காலம். பிரிட்டனின் முற்றுகையும் சேர்ந்து, போர் முடிவதற்குள் லட்சக்கணக்கான பொதுமக்கள் பட்டினியாலும் அது கொண்டுவந்த நோயாலும் இறந்தார்கள்.

காற்றில் இருந்து உணவு தருவதாகப் பேசப்பட்ட கண்டுபிடிப்பு கையில் இருந்தும், அந்த நாட்டின் கிழங்கு வயல் காய்ந்தது. தழைச்சத்து பற்றாமல் போனால் என்ன ஆகும் என்பதை அந்தக் குளிர்காலம் காட்டியது. அதிகமாகப் போனால்? நம்ம காலத்து விவசாயியின் கேள்வி பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

தழைச்சத்து கூடினால் கிழங்குக்கு என்ன ஆகும்?

நைட்ரஜனுக்குத் தமிழில் விவசாயிகள் வைத்திருக்கும் பெயரே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. தழைச்சத்து. அது முதலில் தழையைத்தான் வளர்க்கும்.

உருளைச் செடி இலையில் மாவுச்சத்தைத் தயாரித்து, மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்கு அனுப்புகிறது. இலை போதாவிட்டால் கிழங்கும் சிறுக்கும். அதனால் தழைச்சத்து கொடுக்கக் கொடுக்க, ஒரு கட்டம் வரை விளைச்சல் ஏறும், கிழங்கும் பெரிதாகும். அதற்குமேல் கொடுத்தால் விளைச்சல் அப்படியே நிற்கும், பிறகு குறையவும் செய்யும். ஏனென்றால் சொகுசாக வளரும் செடி கிழங்கு வைக்கவே தாமதிக்கும். இலை இலையாக விட்டுக்கொண்டே போகும். அறுவடை நாள் வந்தாலும் செடி பச்சைப் பசேலென்று நிற்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கீழே கிழங்கு முற்றியிருக்காது. தோல் உரியும், சில கிழங்குகளின் நடுவே பொத்தல் விழும்.

வீட்டில் பொரியலுக்கு வாங்கும் கிழங்கில் இது பெரிய பிரச்சினை இல்லை. சிப்ஸ் ஆலைக்குப் போகும் கிழங்கில்தான் சிக்கல். ஆலை முதலில் பார்ப்பது, கிழங்கில் தண்ணீர் போக மீதி எவ்வளவு இருக்கிறது என்பதை. சிப்ஸுக்கு இந்த உலர் எடை 20 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். 100 கிலோ கிழங்கில் ஒன்றில் 22 கிலோவும் இன்னொன்றில் 18 கிலோவும் உலர் எடை என்றால், இரண்டாவது லாட்டில் ஆலைக்கு 4 கிலோ சரக்கு நஷ்டம். அது மட்டுமா, அதிகமாக இருக்கும் தண்ணீரைப் பொரித்து விரட்ட வேண்டும், அந்த இடத்தில் எண்ணெய் புகுந்துகொள்ளும். சிப்ஸ் மொறுமொறுப்பு இல்லாமல் எண்ணெய்ப் பசையோடு இருக்கும். முற்றாத கிழங்கில் உலர் எடை குறைவு. தழைச்சத்தைக் கூட்டினால் அதைக் குறைத்துவிடும் என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

அடுத்தது நிறம். கிழங்கில் இருக்கும் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் சர்க்கரைகளும், அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சூடான எண்ணெயில் சேரும்போதுதான் அந்தக் கருப்பும் கசப்பும் வருகின்றன. அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் அங்கேதான் உருவாகிறது. வறுத்த உணவுகளில் அது இருப்பதை 2002ல் சுவீடன் விஞ்ஞானிகள் வெளியே சொன்னபோது உலகம் முழுக்கப் பரபரப்பானது. தழைச்சத்து கூடினால் அஸ்பராஜின் கூடும். முற்றாத கிழங்கில் சர்க்கரையும் தங்கிவிடும்.

அப்படியானால் யூரியாவையே நிறுத்திவிடலாமா? அதுவும் நடக்காது. பெல்ஜியத்தில் நடந்த ஓர் ஆய்வில் தழைச்சத்தைக் குறைத்தபோது கிழங்கில் சர்க்கரை கூடியது, பொரித்தபோது அக்ரிலமைடும் கூடியது. இரண்டு பக்கமும் அடி விழும் விஷயம் இது. ரகம், மண், வெயில், எல்லாம் சேர்ந்துதான் விடை மாறும். போதாக்குறைக்கு, நல்ல கிழங்கைக் கொண்டுபோய்க் கடும் குளிரில் வைத்தாலும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி சிப்ஸ் கருத்துவிடும். எல்லாப் பழியையும் உரத்தின் மேல் போடவும் முடியாது.

சரி, தமிழ்நாட்டுக் கணக்குக்கு வருவோம். விருத்தாசலம் பக்கம் உருளை பயிராவதில்லை, இந்த வெயிலுக்கு அது தாங்காது. நம்ம மாநிலத்தில் அதன் வீடு நீலகிரியும் கொடைக்கானலும். ஊட்டி பக்கத்தில் முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் தலைமை நிறுவனமான சிம்லா ஆராய்ச்சி நிறுவனம்தான் 1998ல் குஃப்ரி சிப்சோனா என்ற சிப்ஸ் ரகங்களை வெளியிட்டது. அதிக உலர் எடை, குறைந்த சர்க்கரை, இதுதான் அந்த ரகங்களின் இலக்கு.

நீலகிரிக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுவான பரிந்துரை ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து. பாதியை அடியுரமாக, மீதியை 30ஆம் நாள் மேலுரமாகக் கொடுக்க வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது சுமார் 20.7 கிலோ. முழுவதையும் யூரியாவாகவே போட்டால்கூட ஏக்கருக்கு இரண்டரை மூட்டை ஆகாது. இங்கேதான் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். டி.ஏ.பி.யிலும் தழைச்சத்து 18 சதவீதம் உண்டு. 50 கிலோ மூட்டைக்கு 9 கிலோ. அதைக் கழித்துவிட்டுத்தான் யூரியாவைக் கணக்குப் போட வேண்டும். கழிக்காமல் போட்டால் பரிந்துரையைவிட எவ்வளவோ அதிகம் மண்ணுக்குள் போய்விடும். அளவைப் போலவே நாளும் முக்கியம். கிழங்கு பெருக்கும் கட்டத்தில் கடைசியாக ஒரு பிடி யூரியா போடுவதுதான் சிப்ஸ் கிழங்குக்கு மிகவும் கெடுதல்.

தெரிந்தும் ஏன் அதிகம் போடுகிறார்கள்? விலைதான். 2010ல் மத்திய அரசு மற்ற உரங்களின் மானியத்தைச் சத்து அடிப்படைக்கு மாற்றியது, யூரியாவை மட்டும் விலைக் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொண்டது. விளைவு, ஒரு யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். கடன் வாங்கி விவசாயம் செய்பவர் எதை அள்ளிப் போடுவார்? 2015ல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது. சத்து மெதுவாகக் கரைந்து செடிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். உருளையின் வேர் ஆழமாகப் போவதில்லை. மலைச்சரிவில் செடி எடுத்தது போக மிச்சம் மழைத்தண்ணீரோடு ஓடையில் கலக்கிறது, நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகச் சேர்கிறது.

கிழங்கு வாங்கும் ஆலையின் சோதனை மேஜையில் லாட் தேறவில்லை என்றால், கூடுதலாகக் கிடைத்த நான்கு மூட்டை விளைச்சலால் விவசாயிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. சாதாரணச் சந்தை விலைக்குத்தான் தள்ள வேண்டும். காற்றில் இருந்து நைட்ரஜன் கிடைக்குமா என்பதுதான் ஹேபருக்கு இருந்த கேள்வி. எவ்வளவு போதும் என்பது அவருக்கு எழவேயில்லை. இப்போது வயலில் நிற்பவர்தான் அதற்குப் பதில் தேடுகிறார்.

நோபல், தங்கம், வெடிவிபத்து

மீண்டும் ஹேபர். போர் முடிந்தது, ஜெர்மனி தோற்றது. போர்க்குற்றவாளியாக அறிவிக்கப்படுவோமோ என்ற பயத்தில் ஹேபர் கொஞ்ச காலம் சுவிட்சர்லாந்தில் ஒதுங்கியிருந்தார். அந்த நேரத்தில்தான் 1918ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு, அம்மோனியா கண்டுபிடிப்புக்காக, அவருக்கு அறிவிக்கப்பட்டது. விஷவாயு மனிதருக்கு நோபலா என்று பல நாடுகளில் எதிர்ப்பு கிளம்பியது. 1920ல் போய் வாங்கிக்கொண்டார்.

1921 செப்டம்பர் 21ஆம் தேதி ஓப்பாவ் ஆலையில் சேமித்து வைத்திருந்த சுமார் 4,500 டன் உரக்கலவையில் ஒரு பகுதி வெடித்தது. 500க்கும் மேற்பட்டோர் பலி. உரமும் வெடிமருந்தும் ஒரே குடும்பம் என்பது மறுபடியும் நினைவுக்கு வந்தது.

ஜெர்மனி கட்ட வேண்டிய போர் நஷ்ட ஈட்டுக்காகக் கடல் நீரில் இருந்து தங்கம் எடுக்கலாம் என்று ஹேபர் பல ஆண்டுகள் முயன்றார். கப்பலில் போய் மாதிரி எடுத்தார். முன்பு கணக்கிட்டதைவிடத் தங்கம் மிக மிகக் குறைவு என்பதுதான் கடைசியில் தெரிந்தது. காற்றில் பலித்தது கடலில் பலிக்கவில்லை.

அதே காலத்தில் அவரது ஆய்வு நிறுவனத்தில் தானியக் கிடங்குப் பூச்சிகளைக் கொல்ல சயனைடு வாயு மருந்து உருவானது. அந்த வரிசையில் பின்னால் வந்த ஜைக்ளான் பி வாயுவைத்தான் ஹிட்லரின் நாஜிகள் வதை முகாம்களில் மனிதர்கள் மீது பயன்படுத்தினார்கள். அப்படிக் கொல்லப்பட்ட யூதர்களில் ஹேபரின் உறவினர்களும் இருந்தார்கள். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

நாட்டுக்காக எல்லாம் செய்தவர், நாடு இல்லாமல் போனார்

1933ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அரசுப் பணியில் இருந்து யூதர்களை நீக்கச் சட்டம் வந்தது. முதல் உலகப்போரில் பணியாற்றியவர் என்பதால் ஹேபருக்கு விதிவிலக்கு இருந்தது, அவர் பதவியில் தொடர்ந்திருக்கலாம். ஆனால் தன்னிடம் வேலை பார்க்கும் யூத விஞ்ஞானிகளை வெளியேற்றும்படி சொன்னபோது, ஏப்ரல் 30ஆம் தேதி ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார். 40 வருடத்துக்கு முன்பே மதம் மாறியிருந்தார், ராணுவ உடையை அவ்வளவு பெருமையாகப் போட்டிருந்தார். அது எதுவும் கணக்கில் வரவில்லை.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. ஈப்பரை மறக்காதவர்கள் அங்கேயும் இருந்தார்கள். பாலஸ்தீனத்தின் ரெஹோவோத் நகரில் புதிதாக வரும் ஆய்வு நிறுவனத்துக்கு வரும்படி, பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரான ஹைம் வைஸ்மன் அழைத்தார். ஆனால் உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. 1934 ஜனவரி 29ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் ஒரு ஹோட்டல் அறையில் மாரடைப்பால் இறந்தார். வயது 65.

மறு ஆண்டு அதே நாளில் பெர்லினில் விஞ்ஞானி மாக்ஸ் பிளாங்க் நினைவுக் கூட்டம் நடத்தினார். பேராசிரியர்கள் யாரும் போகக்கூடாது என்று நாஜி அரசு தடை போட்டிருந்தது. ஆனாலும் அரங்கு நிறைந்தது. வர முடியாத பேராசிரியர்கள் பலரின் இடத்தில் அவர்களுடைய மனைவிமார் வந்து உட்கார்ந்தார்கள்.

ஹேபரின் விருப்பப்படி கிளாராவின் அஸ்தி ஜெர்மனியில் இருந்து எடுத்து வரப்பட்டு, பாஸல் ஹோர்ன்லி கல்லறைத் தோட்டத்தில் அவர் பக்கத்திலேயே வைக்கப்பட்டது. இருவர் பெயரும் ஒரே கல்லில் இருக்கிறது. பெர்லினில் அவர் நடத்திய நிறுவனத்துக்கு 1953ல் ஃபிரிட்ஸ் ஹேபர் நிறுவனம் என்று பெயர் மாற்றினார்கள். அம்மோனியா எப்படி உருவாகிறது, அந்த இரும்பின் மேற்பரப்பில் அணு அணுவாக என்ன நடக்கிறது என்பதை விளக்கியதற்காக, அதே நிறுவனத்தின் கெர்ஹார்ட் எர்ட்டலுக்கு 2007ல் இன்னொரு நோபல் கிடைத்தது.